வெள்ளையா கறுப்பா என்று நீ கேட்டதற்கு

பூதப்பாண்டி,
20 ஜனவரி 2026, செவ்வாய்.

என் பிரியமுள்ள மகள் ஜெனிலாவுக்கு,

அம்மை எழுதுவது. நீயும் ஷாஜனும் உன் வயிற்றில் இருக்கிற தங்கமும் கர்த்தருடைய கிருபையில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அந்த வரி எழுதக் கை வரவில்லை மக்களே. பதறாதே, உன் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, அவர் பின்பக்கம் தேங்காய் உரித்துக்கொண்டிருக்கிறார், சத்தம் கேட்கிறது. விஷயம் என்னைப் பற்றியது. நீ கனடாவில் ஹாலிஃபாக்ஸிலிருந்து அனுப்பின, புத்தகம் வாசிக்கிற இரண்டு ரீடரில் எதை வைத்துக்கொள்கிறாய், வெள்ளையா கறுப்பா என்று அக்டோபரிலிருந்து கேட்கிறாய், நானும் நாளைக்குச் சொல்கிறேன், கிறிஸ்மஸ் கழியட்டும் என்று கடத்திக்கொண்டே வந்தேன். இன்றைக்கு முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசி, பிள்ளைத்தாச்சி நின்றுகொண்டு வாசிக்காதே, ஷாஜன் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து வாசித்தால் இன்னும் நல்லது. போனில் சொல்லியிருக்கலாம், இரண்டு தடவை வாயெடுத்தேன், சாம்பாருக்கு என்ன காய் போட்டாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன், எனக்கு ஒழுங்கில்லாமல் எழுத வராது. முப்பத்திரண்டு வருஷம் பாசன ஆபீசில் இருந்தவள். அங்கே ஒரு மேஜை விசிறி வாங்கினாலும் கொட்டேஷன் வரவழைத்து, தாளில் கட்டம் போட்டு, இதில் இன்ன வசதி அதில் இன்ன வசதி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடியில் பரிந்துரை என்று ஒரே ஒரு வரி எழுதித்தான் அதிகாரி மேஜைக்கு அனுப்புவோம். உன் ரீடர் இரண்டுக்கும் அதே மாதிரி செய்தால் போயிற்று என்றுதான் தொடங்கினேன். உன் அப்பா அப்போதே கிண்டல், வீட்டுக்குள்ளே டெண்டர் விட்டாச்சா ஏட்டி என்று.

கறுப்பு சின்னது, கைக்கு அடக்கம். ஒரு ஓரம் மட்டும் தடித்து, பிடித்துக்கொள்ளத் தோதாக, அதில் மேலும் கீழுமாக இரண்டு பொத்தான். மேலே அழுத்தினால் முன்பக்கம், கீழே அழுத்தினால் அடுத்த பக்கம். கை மாற்றிப் பிடித்தால் எழுத்தும் அதற்கேற்றபடி திரும்பிக்கொள்கிறது, அது யார் யோசித்ததோ, நல்ல யோசனை. திரை ஓரத்தைவிடக் கொஞ்சம் பள்ளத்தில் இருப்பதால் விரல் எங்கே முடிகிறது என்று தெரியும். வெளிச்சத்தை மஞ்சளாக்கிக்கொள்ளலாம். வெள்ளை பெரியது, ஒரு பள்ளிக்கூட நோட்டு அளவு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வழவழவென்று, ஒரு பொத்தான் கிடையாது, எல்லாம் தொட்டும் தேய்த்தும்தான். பார்க்க அழகு அதற்குத்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களே, அதெல்லாம் கறுப்பில் எறும்பு எறும்பாகத் தெரியும், வெள்ளையில் முழுப்பக்கமும் தெரியும். கறுப்பில் இன்னொரு குறை, சில புத்தகத்தில் கொம்பு தனியாக எழுத்து தனியாகக் கழன்று நிற்கும், நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு. பக்கம் திரும்பும்போது கறுப்பு ஒரு தடவை கண் சிமிட்டும், வெள்ளை சிமிட்டாது, ஆனால் போன பக்கத்தின் நிழல் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளையோடு ஒரு பேனாவும் தந்திருக்கிறார்கள், எழுதினால் சிலேட்டில் எழுதுகிற மாதிரி ஒரு சரசரப்பு, பேனாவின் பின்பக்கத்தால் தேய்த்தால் அழிகிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன், முடித்துவிட்டு ஒரு தட்டு தட்டினால் உனக்கு வந்துவிடும் என்று நீ சொல்லித்தந்தபடி. எழுத்து இவ்வளவு பெரிதாகவும் கோணலாகவும் இருக்கிறதே என்று நீ பார்த்தவுடனே நினைத்திருப்பாய். அதற்குத்தான் வருகிறேன்.

நவம்பர் தொடக்கத்தில் நான் உனக்குப் போன் பண்ணி, வெள்ளை ரீடரில் வரி நடுவில் தொய்ந்து போகிறது, துணி காயப்போட்ட கொடி மாதிரி, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னது ஞாபகம் இருக்கும். நீயும் பாவம், அம்மை பொய் சொல்லமாட்டாள் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதி, படம் அனுப்பு என்று அவர்கள் கேட்டு, அப்பா படம் எடுத்து அனுப்பினார். படத்தில் எல்லா வரியும் நேராக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள், நான் விடவில்லை. என் ஆபீஸ் குணம் உனக்குத் தெரியும். கடைசியில் டிசம்பர் முதல் வாரம் வேறொன்று வந்தது. அதிலும் நடுவில் தொய்வு. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எனக்கு நேராத்தானே தெரியுது என்றார். உங்களுக்கு எதுதான் வளைஞ்சு தெரிஞ்சிருக்கு என்று அவரிடம் சத்தம் போட்டேன். அப்போதும் எனக்குத் தோன்றவில்லை மக்களே. கறுப்பில் தொய்வு இல்லை என்று உன்னிடம் அடித்துச் சொன்னேன் பார், அதுதான் பெரிய மடத்தனம்.

ஏன் கறுப்பில் தெரியவில்லை என்று கேள். கறுப்பில் நான் வைத்திருந்தது சபையில் வாசிக்கிற வேதபாடமும் ஜெபத்துக்கு எடுக்கிற பகுதிகளும். அதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வயசிலிருந்து மனப்பாடமாக ஏற்றினது. வரிக்கு முதல் வார்த்தை கண்ணில் பட்டால் போதும், மிச்சம் தானாக வாயில் வந்துவிடும். நான் வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வாசிக்கவே இல்லை, ஒப்பித்துக்கொண்டிருந்தேன். எத்தனை மாசமாக அப்படி என்று எனக்கே தெரியாது. வெள்ளையில் நீ ஏற்றித் தந்த புதுக் கதைகள் மட்டும்தான் நான் உண்மையில் வாசித்தது, அதனால் அதில் மட்டும்தான் வரி வளைந்தது. நவம்பர் மாசம் இரண்டாம் ஞாயிறு எனக்குப் பாடம் வாசிக்கிற முறை. வந்த பகுதி முழுக்கப் பெயர்கள், இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று ஒரு பக்கம் போகும். அதை யார் மனப்பாடம் பண்ணுவார்கள். கறுப்பை எடுத்துக்கொண்டுபோய் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து வாசித்தேன், நடுவில் எங்கேயோ தடுக்கி அடுத்த வரிக்குக் குதித்துவிட்டேன் போல. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சபைப் போதகர் ஐயரின் வீட்டம்மா ஷைஜா சிரித்துக்கொண்டே, டெல்சியக்கா இன்னைக்கு ரெண்டு தலைமுறைய அப்படியே விட்டுட்டியளே என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், அது எப்படி விட்டுப்போனது என்று யோசிக்காமல் இருக்க என்னவெல்லாம் பேசினேன் தெரியுமா, உன் அப்பாவே இன்னைக்கு என்ன இவ்வளவு பேச்சு என்று கேட்டார்.

கிறிஸ்மஸ் முடிந்த மூன்றாம் நாள் காலை, சரி, இந்த அறிக்கையை எழுதி முடிப்போம் என்று வெள்ளையை எடுத்து உட்கார்ந்தேன். அதில் எழுதுவதற்கு வெறும் தாள், கோடு போட்ட தாள், கட்டம் போட்ட தாள் என்று விதவிதமாக வைத்திருக்கிறார்களே, நான் ஆபீஸ்காரியல்லவா, கட்டத் தாளை எடுத்தேன். திறந்ததும் நடுவில் இருந்த கட்டங்கள் எல்லாம் யாரோ விரலால் குழைத்துவிட்ட மாதிரி நெளிந்து கிடந்தன. நடுவில் ஒரு இடம் அழுக்காக, சாம்பல் பூசின மாதிரி. துடைத்தேன், போகவில்லை. பக்கத்தை மாற்றினேன், புதுப் பக்கத்திலும் அதே இடத்தில் அதே அழுக்கு. சரி, ரீடரைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன். அழுக்கு ரீடரோடு போகவில்லை ஜெனிலா, நான் எங்கே பார்த்தேனோ அங்கே வந்து நின்றது. வலது கண்ணைப் பொத்தினேன், கட்டம் நேராக நின்றது, மங்கலாக என்றாலும் நேராக. இடது கண்ணைப் பொத்தினேன், நெளிந்தது. கறுப்பை எடுத்துப் பார்த்தேன், அதிலும் நெளிந்தது. தலையைத் தூக்கி ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். ஆறு கம்பியில் நடுக்கம்பி இரண்டும் வளைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நம் வீட்டு ஜன்னல், முப்பது வருஷமாகப் பார்க்கிற ஜன்னல். என் இடது கண் சின்ன வயசிலிருந்தே சோம்பல் கண் என்று உனக்குத் தெரியும், நான் இத்தனை காலம் படித்தது எழுதினது எல்லாம் வலது கண்ணால்தான். அந்த ஒரு கண்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை. புது வருஷத்துக்கு மறுநாள், பழைய ஆபீஸ் தோழி ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, பஸ் ஏறி நாகர்கோவிலில் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். அங்கே முதலில் கையில் தந்தது என்ன தெரியுமா, ஒரு சின்ன அட்டை, அதில் கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. நம் ரீடரில் இருக்கிற அதே கட்டத் தாள். அதைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன், அட்டை தந்த பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். கண் விரிய மருந்து விட்டு, மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். கண்ணின் பின்சுவரில், சரியாக நடுவில், ரத்தக்குழாய் கசிந்து நீர் கோத்திருக்கிறது, அதனால்தான் நேர்கோடு வளைகிறது, விட்டால் நடுப்பார்வை முழுக்கப் போய்விடும், ஓரப்பார்வை மட்டும் மிஞ்சும் என்றார். இடது கண்ணிலும் பின்னால் மணல் மாதிரிப் படிவு இருக்கிறதாம், அது இன்னும் கசியவில்லை. கசிவு என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா, வாய்க்கால் கரையில் கசிவு கண்டால் அன்றைக்கே ஆளனுப்பி மண்போட வேண்டும் என்று எத்தனை அவசரக் கடிதம் நானே டைப் அடித்திருக்கிறேன். என்ன வைத்தியம் என்று கேட்டேன். ஊசி என்றார். கையிலா என்று கேட்டேன். கண்ணுக்குள்ளே அம்மா, மரத்துப்போக மருந்து விட்டுவிட்டுத்தான் போடுவோம், மாசத்துக்கு ஒன்றாக முதலில் மூன்று, இன்றைக்கே முதல் ஊசி போட்டால் நல்லது, ஒவ்வொரு வாரமும் முக்கியம் என்றார். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். திரும்பிப் போகவில்லை.

பதினெட்டு நாள் ஆகிறது. திட்டாதே. நான் எதற்கும் பயந்தவள் இல்லை என்று நீ நினைத்திருப்பாய், கலெக்டர் ஆய்வுக்கு வந்தபோதுகூட ஃபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவள் நான். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். அந்தப் பதினெட்டு நாளும் என்ன செய்தேன் என்றால், காலையில் எழுந்ததும் ஜன்னல் கம்பியைப் பார்ப்பேன், நேராகியிருக்கும் என்று. குளிக்கப் போனால் தரை ஓட்டின் கோட்டைப் பார்ப்பேன். கதவு நிலையைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அதிகமாகத்தான் வளைந்தது. பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டேன். நடுவில் நீ வீடியோவில் வருவாய். மூன்று மாசமாக நான் உன்னிடம் என்ன சொன்னேன், உங்க ஊரு நெட்டு சரியில்லை மக்களே, முகம் தெளியவில்லை, ஜன்னல் பக்கம் போய் நில்லு, லைட்டைப் போடு என்று. நீயும் அந்தக் குளிரில் எழுந்து எழுந்து இடம் மாறுவாய். நெட்டில் ஒரு குறையும் இல்லை. உன் முடி தெரிகிறது, காதுக் கம்மல் தெரிகிறது, போட்டிருக்கிற ஸ்வெட்டர் தெரிகிறது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்தச் சாம்பல். ஏப்ரலில் பிறக்கப் போகிற பிள்ளையின் முகத்தை நான் பார்ப்பேனா என்பதுதான் எனக்கு இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

உன் அப்பா கண்டுபிடித்தது முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குடும்ப ஜெபத்தில். வழக்கம்போல் நான்தான் வாசிக்கிற ஆள். கறுப்பைக் கையில் எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டு, தெரிந்த பகுதிதானே என்று ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நிறுத்தி நிதானமாக வாசித்தேன், வாசித்தேன் என்றா சொன்னேன், சொல்லி முடித்தேன். பார்த்தால் வளைவது தெரியும் என்று பயந்து, திரைப் பக்கமே கண்ணை வைக்கவில்லை. அப்பா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார், நீண்ட ஜெபம், ஆமென் சொன்னார். எழுந்ததும் மெதுவாக, ஏட்டி டெல்சி, நீ எதப் பாத்து வாசிச்ச என்று கேட்டார். இதைப் பார்த்துத்தான் என்று ரீடரைக் காட்டினேன். அது தூங்கிக்கொண்டிருந்தது. வாசிக்காமல் வைத்தால் ஒரு படம் வந்து நிற்குமே, பேனாவும் மைக்கூடும், அந்தப் படம்தான் திரையில் இருந்திருக்கிறது. நான் எழுப்பவே இல்லை. கறுப்பின் குறைகளில் இதையும் எழுதிக்கொள், தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கைக்குச் சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாயா போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நாளாச்சு என்று மட்டும் கேட்டார். எல்லாம் சொன்னேன். ஊசியைச் சொன்னதும் சாயாவைத் தள்ளி வைத்துவிட்டார். நாளைக்கே போவோம் என்றார். நான் மாட்டேன் என்றேன். அழுதேன். என்னால முடியாது, ஜெபம் பண்ணிப் பாப்போம், இன்னும் ரெண்டு வாரம் பாப்போம் என்றெல்லாம் சொன்னேன்.

நேற்று காலையில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது, அது என்னை உலுக்கிவிட்டது. உன் கல்யாணத்தன்று சிதறால் பெரியம்மை, என் கூடப்பிறந்த ஞானபாய், பந்தலில் எனக்கு நேரே வந்து, நான் வா அக்கா என்று கையை நீட்டின நேரம், சத்தத்துக்கு நடுவில் அது கேட்கவில்லையோ என்னவோ, என் முகத்தைப் பார்த்தபடியே என்னைக் கடந்து போய்விட்டாள். சபையே பார்த்தது. அவளுடைய மகன் வீடு கட்டின பவிசு என்று நான் நினைத்தேன். அன்றையிலிருந்து இரண்டரை வருஷம் நான் அவளோடு பேசவில்லை, உனக்கும் பேசாண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். நேற்று போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். என் சத்தம் கேட்டதும் டெல்சியா என்றாள், அழுகிறாள் என்று தெரிந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை, அக்கா, உனக்கு ஜன்னல் கம்பி நேரா தெரியுதா என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரெண்டு கண்ணுலயும் நடுவில ஒண்ணும் இல்ல மக்கா, நாலு வருஷமாச்சு, வயசானா அப்படித்தான்னு நெனச்சேன், சொன்னா எல்லாவனும் பாவம் பாப்பானுவ, அதனால சொல்லேல்ல, பெறவு போனப்போ ஊசி போடுற காலம் கழிஞ்சு போச்சுன்னுட்டாவ என்றாள். உன் கல்யாணத்தில் நான் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லையாம், ஒரு பச்சைப் பட்டு தெரிந்ததாம், யாரோ என்று விலகிப் போனாளாம். வீட்டுக்குப் போய், டெல்சி எனக்க கிட்ட ஒரு வாக்கு பேசேல்லியே என்று அழுதாளாம். இரண்டு பேரும் இரண்டு வீட்டில் இருந்து ஒரே காரியத்துக்கு அழுதிருக்கிறோம். போனை வைக்கும்முன் அவள், ஏட்டி, ஊசிக்குப் பயந்து எனக்கக் கணக்கா ஆயிராத, அது ஒரு நிமிசம், இது சாவுற வரைக்கும் என்றாள்.

அதனால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறோம். அப்பாவே போன் பண்ணி நேரம் வாங்கிவிட்டார். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, இதை எழுதும்போதும் உள்ளங்கை வேர்த்து, பேனா வழுக்குகிறது. பதினெட்டு நாளைத் தின்றுவிட்டேனே, அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்பது ஊசியைவிடப் பெரிய பயம். போனது முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது, இருப்பதைப் பிடித்து நிறுத்தலாம் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தேன், மாசத்துக்கு ஒன்று என்றால் மூன்றாவது ஊசி மார்ச் இருபது வாக்கில் வரும், பிரசவத்துக்கு அங்கே வர நீ எனக்குப் போட்ட டிக்கெட் மார்ச் இருபத்தாறு. விமானம் ஏறலாமா என்று வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இப்போது யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ இதைக் கேட்டுப் பதறிப்போய் டிக்கெட் போட்டு இங்கே ஓடி வராதே, எட்டாம் மாசம் தொடங்கப் போகிறது, உன் காலும் வீங்கியிருக்கிறது என்று ஷாஜன் சொன்னான். உப்பைக் குறை. பனியில் வெளியே இறங்காதே. இன்னொன்று, இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார், உனக்கு முப்பத்தொன்றுதானே, இப்போது ஒன்றும் இருக்காது, வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றும் சொன்னார். அவர் சொன்னது அவருக்கு. எனக்காக இப்போதே இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உன் கதவு நிலையைப் பார், பிறகு அடுத்த கண்ணையும். நேராக இருக்கிறது என்று எனக்கு ஒரு செய்தி போடு. அது வரும்வரை நான் தூங்கமாட்டேன்.

இனி நீ கேட்ட அறிக்கை. வெள்ளைக்குப் பெரிய திரை, எழுதப் பேனா, கட்டத் தாள், அந்தக் கட்டத் தாள் இல்லையென்றால் நான் இன்னும் கம்பெனிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன், அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். அழகும் அதற்குத்தான். ஆனால் வலது கண்ணைப் பொத்திவிட்டு, பிறகு இரண்டு கண்ணையும் மூடிவிட்டு, இரண்டு ரீடரையும் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். வெள்ளை எந்தப் பக்கம் மேல் எந்தப் பக்கம் கீழ் என்றே தெரியவில்லை, எங்கே தொட்டாலும் ஏதாவது திறந்துகொள்கிறது. கறுப்பின் தடித்த ஓரத்தைக் கை உடனே கண்டுகொள்கிறது, பெருவிரல் தானாகப் போய்ப் பொத்தானில் உட்காருகிறது. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், அதுவும் முடியாமல் போனால் காதில் மாட்டிக்கொண்டால் அதுவே வாசித்துச் சொல்கிறது. வாசிப்பவள் எந்த ஊர்க்காரியோ, வாழையை வாளை என்கிறாள், பழத்தைப் பளம் என்கிறாள், நம் ஓய்வுநாள் பள்ளியில் என்றால் முட்டி போட வைத்திருப்பார்கள். பழகிக்கொள்ள வேண்டியதுதான். பரிந்துரை: கறுப்பு. வெள்ளையை மார்ச்சில் நானே கொண்டுவருகிறேன், ஷாஜன் வைத்துக்கொள்ளட்டும்.

பெரியம்மைக்கு நீ ஒரு போன் பண்ணு, நான்தான் தடுத்தேன் என்று சொல். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக, பிரசவம் சுகமாக நடக்கட்டும், ஷாஜனுக்கு எங்கள் ஆசீர்வாதம். கடைசியாக ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அங்கே விமான நிலையத்தில் நான் உன்னைப் பார்த்தபடியே உன்னைக் கடந்து போனாலும் போவேன். நான் என் அக்காவை நினைத்த மாதிரி நீ என்னை நினைத்துவிடாதே, கிட்டே வந்து அம்மை என்று கூப்பிடு, குரல் எனக்குத் தெரியும். பிள்ளையை என் கையில் தரும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதே, கொஞ்சம் ஓரமாகப் பிடி. ஓரத்தில் எனக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் முகத்துக்காகக் காத்திருக்கிற அம்மை,
டெல்சி ஜெயசிங்